நரி முகத்தில் விழித்தவர்கள்

போன மாதம் ஒரு காலையில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தூத்துக்குடியில் நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடை மருத்துவமனையின் எவர்சில்வர் மேசை. அதன் மேல் பச்சை நிறத்தில், முதுகு நெடுக முள் வைத்து, உடும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒன்று படுத்திருந்தது. இகுவானா. ஓரத்தில் அதை வளர்க்கும் பெண்ணின் கை தெரிந்தது. நகங்களுக்கும் அதே பச்சையில் சாயம் பூசியிருந்தாள். அனுப்பியவர் அங்கே இப்போது இருக்கும் இளம் மருத்துவர் நிவேதா. "மேடம், இந்த வாரத்துல ஒரு முள்ளெலி, ஒரு வெளிநாட்டுப் பாம்பு, இப்ப இது. எல்லாத்தையும் ஆன்லைன்ல பதிவு பண்ணணுமாம், எங்கிட்ட சான்றிதழ் கேக்காங்க. உங்க காலத்துல இப்படில்லாம் வந்ததுண்டா?" என்று கேட்டிருந்தார்.

'வந்ததுண்டு' என்று தட்டினேன். அதற்கு மேல் கைப்பேசியில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி. வீட்டில் எருமை இருந்தது, உழவு மாடு இருந்தது, அதனால் கால்நடை மருத்துவம் படித்தேன். சென்னையில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டின் நான்கு வயிறுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். ஆட்டுக்கு என்ன, கோழிக்கு என்ன என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கிளிக்கும் ஆமைக்கும் நரிக்கும் அந்தப் படிப்பில் ஒரு பக்கம்கூட ஒதுக்கியிருக்கவில்லை. அவற்றை நான் கற்றது பர்னாந்து சாரிடம்.

கொர்னேலியுஸ் பர்னாந்து. கடற்கரைக் குடும்பம். அவர் வீட்டில் அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாருமே கப்பலிலும் தோணியிலும் போனவர்கள். இவருக்குக் கடலில் கால் வைத்தாலே குமட்டுமாம், அதனால் மாட்டு டாக்டர் ஆனேன் என்பார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவமனைக்கு அவர்தான் தலைமை. முதல் நாளே மாட்டுக்காரர்கள் முன்னால் என்னை "வாங்க டாக்டர்" என்று கூப்பிட்டார். பெண் பிள்ளை மாட்டைத் தொடுமா என்று சிரிக்கத் தயாராக நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அந்த 'வாங்க' மாறவில்லை.

புது விலங்கு எதுவும் வந்தால் அவர் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு வாசனையில்லாத சோப்பில் கை கழுவுவார், ரொம்ப நேரம். விலங்கின் கண்ணை நேராகப் பார்க்கவே மாட்டார். அதற்குப் பக்கவாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வளர்ப்பவரோடு மழை பெய்ததா, மீன் என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பார். பேச்சோடு பேச்சாக ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருப்பார். என்ன நோய், எத்தனை நாளாக என்று எடுத்த எடுப்பில் கேட்கவே மாட்டார். அவருடைய முதல் கேள்வி, "இது எங்க தூங்குது?" என்பதுதான்.

இதென்ன கேள்வி என்று ஆரம்பத்தில் எனக்குத் தோன்றியது. ஒரு சாம்பல் கிளி வந்த பிறகு தோன்றவில்லை. கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் அதை எங்கோ ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் வாங்கி, பல வருடம் தன்னோடு கப்பலிலேயே வைத்திருந்து, கடைசியில் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் மறுபடி கப்பல் ஏறியதும், அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்துவிட்டது. மனைவி கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சு முழுக்க உரித்த கோழி மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்தது பூச்சி மருந்து. அதை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"இது எங்க தூங்குது?" என்றார் சார்.

"மாடி ரூம்ல டாக்டர். ஏசி போட்டு வச்சிருக்கோம். ஒரு சத்தம் கேக்காது."

"கப்பல்ல எங்க தூங்கிச்சு?"

அந்தம்மாள் கணவருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டார். என்ஜின் அறைக்கு மேலே இருந்த சமையல்கட்டில், பாத்திர அலமாரி மேல் என்று பதில் வந்தது. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ல கிரைண்டர் இருக்கா?" என்றார்.

மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கூண்டு சமையலறைக்குப் போனது. மாலையில் மாவு ஆட்டும்போது கிளி கண்ணைச் சொருகிக்கொண்டு தூங்கியதாம். மாவு ஆட்ட வேண்டியதில்லாத நாளிலும் அந்தம்மாள் வெறும் கிரைண்டரைக் கொஞ்ச நேரம் ஓட விடுவாராம். இறகு முளைத்த கிளியைக் காட்ட வந்தபோது, "பக்கத்து வீட்டுக்காரி எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனைக்கா டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்படிச் சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. ஒரு வீட்டில் நட்சத்திர ஆமை வைத்திருந்தார்கள். அதன் ஓட்டில் பேத்தியின் பெயரை எனாமல் பெயிண்டில் அழகாக எழுதியிருந்தார்கள். சோறும் இட்லியும் மட்டுமே போட்டு வளர்த்ததில் ஓடு அழுத்தினால் அமுங்கியது. சட்டப்படி வளர்க்கக்கூடாத பிராணி, வனத்துறைக்குத்தான் போகவேண்டும். நான் மரக் குச்சியால் பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட, அந்த வீட்டுத் தாத்தா ஒவ்வொரு எழுத்து போகும்போதும் மூக்கை உறிஞ்சினார். அவர்கள் போன பிறகு சார் சொன்னார்: "கொடுமை பண்ணுறவன்ட்ட இருந்து பிடுங்கிரலாம் டாக்டர், லேசு. பாசமா வச்சிருக்கவங்கட்ட இருந்து வாங்குறதுதான் நம்ம வேலையிலயே கஷ்டம்."

அது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் செல்லக்கனியிடம்தான் பார்த்தேன்.

சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். மார்கழிக் காலை. ஆறுமுகநேரி பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். மார்போடு அணைத்திருந்த பழைய சேலைப் பொதி முழுக்க ரத்தம். அவள் பின்னாலேயே வெளுத்த நிறத்தில் ஒரு நாட்டு நாய் குதித்து இறங்கியது. உள்ளே வந்து பொதியை விலக்கினாள். நாய்தான் என்று நினைத்துக் குனிந்தேன். நரி.

ஏறக்குறைய முழுதாக வளர்ந்த பெண் நரி. இரண்டு காதுக்கும் நடுவே மண்டைத் தோல் கத்தியால் கீறப்பட்டு, ஒரு பக்கமாக மடிந்து தொங்கியது. பிடித்திருந்தவளின் கையைக் கடிக்கவில்லை. ஆனால் மேல் உதடு உயர்ந்து, உடம்பு முழுக்க நடுங்கியது.

சார் கடிகாரத்தைக் கழற்றினார். கை கழுவினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "இது எங்கம்மா தூங்குது?" என்றார்.

"இந்தா நிக்காள்லா, இவ வயித்துல தலைய வச்சுத்தான் அய்யா தூங்கும்" என்று நாயைக் காட்டினாள்.

"அப்ப இவளத் தூக்கி மொதல்ல மேசையில வைங்க."

காயம்பட்ட நரியை விட்டுவிட்டு, ஒரு குறையுமில்லாத அந்த நாயை மேசை மேல் நிறுத்தினோம். சார் அதன் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், நெஞ்சில் வட்டை வைத்துக் கேட்டார், ஊசி போடும் இடத்தைத் தடவிக் கொடுத்தார். நாய் வாலை ஆட்டியபடி நின்றது. நரி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் உதடு இறங்கியது. பிறகு நாயை மேசையின் ஒரு ஓரத்தில் படுக்க வைத்து, நரியை அதன் பக்கத்தில் கிடத்தினோம். நான் தொடையில் மயக்க ஊசி போட்டபோது அது முகத்தை நாயின் கழுத்துக்கடியில் நுழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மயங்கிய பிறகும் கண் திறந்தே இருக்கும் என்பதால் களிம்பு தடவி ஈரத் துணியால் மூடினேன். சார் தலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தைங்க டாக்டர். என் கை இப்ப லேசா ஆடுது." பின்னால் தையல் பிரிக்க வேண்டியிராத, தானே கரைந்துபோகும் நூலால் தைத்தேன். எலும்புக்குச் சேதமில்லை. ஆனால் வெட்டியவன் எதையோ தேடியிருக்கிறான் என்பது தெரிந்தது. நரியின் மண்டையில் சின்னதாக ஒரு கொம்பு இருக்கும், அதை வீட்டில் வைத்தால் யோகம் என்று நம்பும் ஆட்கள் உண்டு. அப்படி ஒன்று கிடையாது. இல்லாத கொம்புக்காக எத்தனையோ நரிகள் செத்திருக்கின்றன.

தைத்து முடியும்வரை அந்தப் பெண் சுவரோரம் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. பெயர் செல்லக்கனி. உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறாள். கணவர் உப்பு லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் கேரளாவில். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. போன சித்திரையில் திடீரென்று கோடை மழை அடித்து, பாத்திகள் எல்லாம் நிரம்பி, ஒரு கரை உடைந்தது. கரைக்குள் இருந்த நரி வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. உப்பு வாரும் பெண்கள் கண் திறக்காத ஒரு குட்டியை எடுத்துவந்து இவளிடம் கொடுத்தார்கள். இவளுடைய நாய் சீனி போட்ட குட்டிகளை அப்போதுதான் ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். மடியில் பால் கட்டிக் கிடந்தது.

"சீனி படுக்கிற சாக்குல நல்லா உருட்டி எடுத்து, அவ முன்னால வச்சேன் அய்யா. மோந்து பாத்தா. ஒரு நக்கு நக்குனா. அம்புட்டுதான், அவ பிள்ளையாயிட்டு."

நிறத்தைப் பார்த்துப் பவுனு என்று பெயர் வைத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வினை. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருக்கும் பேச்சு. ஓர் உப்புத் தரகர் காலையில் டீ குடிக்க வந்தவர் பவுனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு நல்ல வியாபாரம். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி நாலு பேர். லாரிக்காரர்கள் வந்தார்கள். மாலத்தீவுக்குத் தோணியில் போகிறவர்கள் கிளம்பும் நாளில் வந்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். புது மோட்டார் சைக்கிளைப் பவுனின் முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

"எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் செல்லக்கனி. "ஒருத்தன்ட்டயும் அதுக்குன்னு கை நீட்டல. டீக்கு உள்ளத மட்டுந்தான் வாங்குவேன். இன்னைக்குக் காலைல எந்திரிச்சு வாசலுக்கு வாறேன், சீனி கெடந்து கத்துதா. இது பாத்தி ஓரத்துல ரத்தமாக் கெடக்கு."

நரி தலையைத் தூக்கப் பார்த்ததும் சீனியைப் பக்கத்தில் விட்டோம். தையலை நக்கவிடாமல் நான் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். சார் எழுந்து போய் மேசை மேல் இருந்த தொலைபேசியை எடுத்தார். பிறகு ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே செல்லக்கனியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் இப்ப வனத்துறைக்குப் பேசப் போறேன். ஒனக்குத் தெரியாமப் பேசக்கூடாதுன்னுதான் கூப்பிடுதேன். இத வீட்ல வளக்க சட்டம் விடாது."

அவள் முகம் மாறியது. "தச்சுத் தருவியன்னு நம்பித்தான வந்தேன்? என் பிள்ளையப் பிடுங்கிக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? தெரிஞ்சிருந்தா நானே மஞ்சப்பத்துப் போட்டுக் காப்பாத்தியிருப்பேன்!"

சார் கோபப்படவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "இத வெட்டுனவன் எப்படிக் கிட்ட வந்திருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் குனிந்து நரியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு தானே சொன்னாள்: "பிஸ்கட்டக் காட்டியிருப்பான். யாரு கூப்பிட்டாலும் வாலாட்டிக்கிட்டுப் போவும். அதுக்கு மனுசன்னா நான்தான. எல்லாரும் நானுன்னு நெனச்சுக்கிட்டுப் போவும்."

சார் போன் பண்ணினார்.

வந்த ரேஞ்சர் சுடலைமுத்து நிதானமான மனிதர். இரண்டு வழி இருந்தது. தூரத்தில் ஏதாவது உயிரியல் பூங்காவுக்கு அனுப்பிக் கூண்டில் ஆயுள் முழுக்க வைப்பது ஒன்று. காட்டில் விடுவது இன்னொன்று. ஆனால் மனிதரைக் கண்டால் ஓடிவரும் நரியைக் காட்டில் விடுவது கொல்லக் கொடுப்பது மாதிரி. பவுனு தானாகவே பாத்திக்கரைகளில் எலியும் நண்டும் பிடித்துத் தின்பதைச் செல்லக்கனி சொல்லியிருந்தாள். அதை வைத்துச் சார் வாதாடினார். "வேட்டை தெரியும். பயம் ஒண்ணுதான் தெரியாது. அதச் சொல்லிக் குடுத்துப் பாப்போம்." மேலிடத்தில் அனுமதி வாங்கும் வேலையை ரேஞ்சர் எடுத்துக்கொண்டார்.

உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் வனத்துறையின் பழைய நாற்றங்கால் ஒன்று, சுற்றுச்சுவரோடு சும்மா கிடந்தது. உள்ளே முள் நிறைந்த உடைமரமும் பனையும் மணலும்தான். மருத்துவமனையிலேயே வைத்திருந்து, காயம் ஆறியதும், வெறிநாய்க்கடிக்கும் மற்ற நோய்களுக்கும் தடுப்பூசி போட்டு அங்கே கொண்டு விட்டோம். சீனியைக் கூட விடவில்லை. நாய் கூடவே இருந்தால் நரி என்றைக்கும் நாய்க்குட்டியாகவே இருக்கும் என்று சார் சொன்னார். பவுனைத் தேடி ஓடிவிடாமல் இருக்க, சீனியைச் செல்லக்கனி தன் அக்கா வீட்டில் கட்டிப்போட்டாள். அது சில நாள் சோறு தின்னவில்லை.

சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகி, அதன் வழியாகத்தான் தீனி. கோழிக் கழிவு, மீன் தலை, எலி. போடுகிற ஆளின் முகமோ குரலோ உள்ளே தெரியக்கூடாது. வாரம் ஒருமுறை நான் போய்ச் சுவர் இடுக்கில் கண்ணை வைத்து அது நடக்கும் விதத்தை, வயிற்றை, எச்சத்தைப் பார்த்துவிட்டு வருவேன். மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டேன். அப்படியும் அது கண்டுபிடித்துவிடும். சுவரோரம் வந்து நின்று, மூக்கை இடுக்கில் வைத்து முனகும்.

இதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஆள் உள்ளே போகவேண்டும். நரி பக்கத்தில் வரும்போது தகர டின்னைக் கட்டையால் அடித்துக் கத்தி விரட்டவேண்டும். ஆளைக் கண்டால் விலகும்வரை இதைச் செய்யவேண்டும். வனக்காவலர் ஒருவர் போனார். நரி பயந்தது உண்மை. ஆனால் அவரைவிட்டு ஓடி, வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. யாரைத் தேடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

செல்லக்கனிக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் அவளே மருத்துவமனைக்கு வந்தாள்.

"நான் தட்டுதேன் அய்யா."

"வேண்டாம்மா. அது ஒனக்கு முடியாது" என்றார் சார்.

"மத்தவங்க வெரட்டுனா, அது எங்கிட்ட ஓடி வரணும்னுதான் நெனைக்கும். நான் வெரட்டுனாத்தான் அதுக்குப் போக்கிடம் இல்லாமப் போவும். அப்பந்தான் அது காட்டப் பாத்துப் போவும்."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் உள்ளே போன அந்தச் சாயங்காலம் நானும் சாரும் ரேஞ்சரும் சுவருக்கு வெளியே நின்றோம். இடுக்கு வழியாக நான் பார்த்தேன். கதவு திறந்து அவள் காலடி வைத்ததுமே பவுனு எங்கிருந்தோ பாய்ந்து வந்தது. காதைப் பின்னால் மடித்து, வயிறு மணலில் உரச, வாலோடு சேர்ந்து இடுப்பே ஆட, ஒரு மாதிரி கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு வந்தது. அவள் டின்னை அடித்தாள். அது நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வந்தது. அவள் இன்னும் ஓங்கி அடித்தாள். "போ! போட்டீ!" என்று கத்தினாள். அது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. பயத்தில் மூத்திரம் போயிற்று. அவள் நிறுத்தவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, கட்டை உடையும்வரை அடித்தாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

அதன் பிறகு பல நாள் அவள் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு தடவையும் பவுனு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. ஒரு நாள் கதவு திறந்தபோது பாய்ந்து வரவில்லை. தூரத்து உடைமரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கி, அங்கிருந்து அவளைப் பார்த்தது. அவள் டின்னைத் தூக்கினாள். அடிக்கும் முன்பே அது மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

வெளியே வந்து, "பயந்துருச்சு" என்றாள் எங்களிடம். ரேஞ்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நாற்றங்காலின் காட்டுப்பக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள். போட்டோ எடுக்கவோ வழியனுப்பவோ யாரும் போகவில்லை. அந்தப் பக்கத்தில் காட்டு நரிகளின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. இரண்டொரு நாள் பவுனு போய்ப் போய் வந்தது. பிறகு வரவில்லை. குழாய் வழியாகப் போட்ட தீனி அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. மணலில் அதன் தடத்தோடு இன்னொரு நரியின் தடமும் சேர்ந்து போயிருந்ததாக ரேஞ்சர் போனில் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக ஓர் அரசாங்க அதிகாரி பேசி நான் கேட்டதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் டீக்கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "நரிய எங்க?" என்று கேட்டார்கள். காட்டில் விட்டாயிற்றாம் என்று எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. ஆளுக்குப் பழகிய நரி, பிடிப்பது லேசு என்று கணக்குப் போட்ட சிலர் தேரிக்காட்டில் கண்ணி வைக்கத் தொடங்கினார்கள். ரேஞ்சர் இரண்டு கண்ணிகளை எடுத்துவந்து மருத்துவமனையில் எங்கள் முன்னால் போட்டார். "எத்தனைய நான் எடுக்க முடியும் சார்?"

யோசனை சொன்னது, அன்றைக்கு அங்கே வந்திருந்த செல்லக்கனிதான். கண்ணிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செத்துப் போச்சுன்னு சொல்லிருதேன்" என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் பக்கத்து மேட்டில் ஒரு குழி வெட்டினாள். பவுனும் சீனியும் படுத்துத் தூங்கிய சாக்கை அதில் வைத்து மூடினாள். மேலே ஒரு கல் நட்டு மஞ்சள் தடவினாள். காட்டுக்குள் போன நரி காயத்தோடு திரும்பி வந்து வாசலில் விழுந்து செத்துவிட்டது என்று டீ குடிக்க வந்தவர்களிடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் அது எல்லா உப்பளத்துக்கும் போய்விட்டது.

துக்கத்துக்குப் போவதுபோல நாங்களும் போனோம். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றார் சார். வழியில் வண்டியை நிறுத்தி அவரே ஒரு ரோஜா மாலை வாங்கினார். அங்கே கூட்டம். லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. உப்பு வாரும் பெண்கள் முழங்கால்வரை வெள்ளை படிந்த கால்களோடு வந்து நின்றார்கள். தோணிக்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பவுனின் முகத்தில் விழித்துப் போன பயணத்தில் புயலுக்குத் தப்பியவராம். நடுவில் செல்லக்கனி தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வாய்விட்டு, மண்ணை அள்ளி, மூச்சு முட்ட, "ஏளா பவுனு, என்ன விட்டுட்டுப் போயிட்டியேளா" என்று அழுதாள். ரேஞ்சர் என் காதில், "மேடம், நெசமாவே ஏதும் ஆயிட்டா? எனக்குத் தெரியாம..." என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

உப்புத் தரகர் எங்களிடம் வந்தார். "டாக்டர், என்ன நோவுல செத்துது?"

நான் சாரைப் பார்த்தேன். சார் மாலையைக் கல்லின் மேல் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் அந்தத் தலைக்காயத்துனால வந்ததுதான் அண்ணாச்சி. அவன் அன்னைக்கு வெட்டலைன்னா இது இன்னைக்கும் இங்கனதான் வாலாட்டிக்கிட்டு நிக்கும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கூட்டம் வெட்டியவனைத் திட்ட ஆரம்பித்தது. அவன் அந்தக் கூட்டத்தில் இருந்தானோ என்னவோ. தேரிக்காட்டில் கண்ணி விழுவது குறைந்தது என்று சில வாரம் கழித்து ரேஞ்சர் சொன்னார்.

சார் மறு வருடம் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை. சீனி அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்து, நன்றாக வயதாகிச் செத்தது. கடைசிவரை நான்தான் அதற்கு வைத்தியம் பார்த்தேன். இவ்வளவு காலமும் இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நிவேதாவின் செய்தி வந்த பிறகு ஒரு நாள் பஸ் ஏறிச் செல்லக்கனியின் கடைக்குப் போனேன். தகரக் கூரை போய்க் காங்கிரீட் வந்திருக்கிறது. அவளுக்கு முடி நரைத்துவிட்டது. எழுதலாமா என்று கேட்டேன்.

"காட்டு நரிக்கு ஆயுசு எத்தன வருசம் டாக்டரம்மா?"

சொன்னேன்.

"அப்ப அது எப்பவோ நல்லபடியா வாழ்ந்து முடிச்சிருக்கும். இனிமே அத யாரும் ஒண்ணுஞ் செய்ய முடியாதுல்லா? எழுதுங்க. இங்க யாரும் படிச்சாலும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

மேட்டில் கல் அப்படியே இருந்தது. மேலே வாடாத பூச்சரம். கீழே நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்.

வெகுநாளாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு எப்படி அப்படி அழுதீங்க? நாங்களே பயந்துட்டோம்."

அவள் பாலைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"டின்னத் தட்டுன அன்னைக்கெல்லாம் அழ முடியலல்லா டாக்டரம்மா. அது என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சே. அழுதா கண்டுபிடிச்சிரும். எல்லாத்தையும் சேத்து வச்சு இங்கன வந்துதான் அழுதேன்."

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டுக்குப் போய்க் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். திரும்பி வந்து, "அக்கா, ஒரு டீ" என்றார். செல்லக்கனி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைக் கழுவி எடுத்தாள்.